பழைய சி.எச். 701 விமானம்: இறக்கையைத் திறந்து பார்த்தவனின் மதிப்புரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனித் நிறுவனத்தின் சி.எச். 701 பழையதாகக் கிடைத்தால் வாங்கலாம். அடிபட்ட இறக்கையோடு கிடைத்தாலும் வாங்கலாம். இறக்கையைத் திறந்து பார்க்க விடாதவரிடம் மட்டும் வாங்கக்கூடாது. அவர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் சரி.

நான் விமானி இல்லை. கோவை கணபதியில் ஷீட் மெட்டல் பட்டறை வைத்திருக்கிறேன். நூற்பாலைகளுக்குக் காற்றுக் குழாய், இயந்திரங்களுக்கு மூடி, இவைதான் என் தொழில். விமானம் என் மைத்துனருடையது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், பறக்க உரிமம் எடுத்தவர். வெளிமாநிலத்தில் ஓர் ஓடுதளத்தில் நின்றிருந்த இந்த விமானத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "மாமா, இடது இறக்கையில் தகடு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது. நீங்கள் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொல்கிறார்." தகடு ஒடுங்கினால் தட்டி எடுக்கலாம் என்று சொல்பவருக்குத் தகடும் தெரியாது, விமானமும் தெரியாது. "மாப்பிள்ளை, முன்பணத்தோடு நிறுத்துங்கள், மீதியைக் கொடுக்காதீர்கள்" என்றேன்.

பொருளைப் பற்றிச் சில தகவல்கள். 701 கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்து 1986-இல் வெளிவந்த விமானம். இரண்டு பேர் அமரலாம். இறக்கை முனைக்கு முனை 27 அடி. புறப்படும்போது அதிகபட்ச எடை 1,100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 500 கிலோ. குறுகிய இடத்தில் எழும்பி இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மணிக்கு 48 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தாலும் காற்றில் நிற்கும். அதற்காகத் தடிமனான இறக்கை, அதன் முன்விளிம்புக்கு முன்னால் ஸ்லாட் என்ற அசையாத பட்டை, பின்விளிம்புக்குக் கீழே தனியாகத் தொங்கும் ஃபிளாப்பரான் என்ற அசையும் பட்டை என்று பார்ப்பதற்குச் சற்று விகாரமாகவே இருக்கும். ஹைன்ட்ஸ் தன் நிறுவனத்தைக் கனடாவில் தொடங்கினார். உதிரிபாகங்கள் இப்போது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்ற சிற்றூரிலிருந்து வருகின்றன. பெட்டியின் மேல் மெக்சிகோ என்று பார்த்ததும், நாடு மாறி எங்கோ ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்று எங்கள் கணக்கர் பதறிப்போனார்.

எலும்பிலிருந்து தோல் வரை பெரும்பாலும் 6061-டி6 அலுமினியம்; 6061 என்பது கலவையின் எண், டி6 என்பது கடினப்படுத்திய பதம். இறக்கையின் மேல்தகடு 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். நாங்கள் ஆலைக் குழாய்களுக்குப் போடும் ஜி.ஐ. தகடே இதைவிடத் தடிமன். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பவை, நடுத்தண்டை இழுத்து முறித்து ஒரு பக்கமிருந்தே அடிக்கக்கூடிய ரிவெட்டுகள். மறுபக்கம் ஆள் நின்று தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை. வீட்டு முன்றிலில் ஒருவரே உட்கார்ந்து கட்டட்டும் என்றுதான் அப்படி வடிவமைத்தார்கள். இதிலிருந்துதான் இந்த விமானத்தின் சிறப்பும் ஆபத்தும் தொடங்குகின்றன.

பழைய காரை மதிப்பிடும்போது தொழிற்சாலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே மாடலில் எந்தக் காராக இருந்தாலும் பற்றவைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டும் விமானம், இரண்டு பேர் செய்த பொருள். வரைபடம் போட்டவர் ஒருவர். துளை போட்டு, பிசிறு எடுத்து, ரிவெட் அடித்தவர் இன்னொருவர். அந்த இரண்டாமவர் யார், பொறுமைசாலியா, சனிக்கிழமை மாலையில் அவசர அவசரமாக வேலையை முடித்தவரா என்று எந்த விளம்பரத்திலும் இருக்காது. அவருக்குப் பிறகு பழுது பார்த்தவர் என்று மூன்றாவதாக ஓர் ஆளும் இருக்கலாம். எங்கள் விமானத்தில் இருந்தார். முதலாமவருக்கு நான் நூற்றுக்கு நூறு கொடுக்கிறேன். இரண்டாமவருக்கு எழுபது. மூன்றாமவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இறக்கைகள் இரண்டையும் கழற்றி, பழைய மெத்தைகளை விரித்து, ஈச்சர் லாரியில் சேலம், பவானி, அவிநாசி வழியாகக் கணபதிக்குக் கொண்டுவந்தோம். அடிபட்டது இடது மட்டும்தானே, வலதை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று மைத்துனரும் கேட்டார், லாரிக்காரரும் கேட்டார். அடிபடாத இறக்கைதான் அளவுகோல். எந்தக் கோணம் சரி, எந்த இடைவெளி சரி என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் பக்கத்துப் பலகையில் விடை கிடக்க வேண்டும். பழைய கிட் விமானம் வாங்குகிற யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனை இருப்பது இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். அங்கே உடற்பகுதி வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவரை அழைத்து வந்தோம். வந்தவர் இறக்கையைத் தொடவே இல்லை. பட்டறை விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னார். ஒரே ஒரு டியூப் லைட்டை நீளமான ஒயரில் கட்டி, தகட்டை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லி, அதன் பிம்பம் தகட்டில் எப்படி விழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நேர்க்கோடாக ஓட வேண்டிய வெள்ளைக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். அரைமணி நேரத்தில் இறக்கை முழுக்க வட்டங்கள். விற்றவர் காட்டிய அடி இறக்கை முனைக்கு அருகே, ஸ்லாட்டில். வட்டங்களில் பாதி அதற்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் இருந்தன.

"சுருக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள் தம்பி" என்றார். ரிப் என்பது இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு. அதற்கு இணையாக ஒரு சிறு பள்ளம் என்றால் யாரோ முழங்கையை ஊன்றியிருப்பார்கள். பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு ரிப்பிலிருந்து அடுத்த ரிப்புக்குக் குறுக்குச் சாய்வாக, வரிவரியாக ஓடும் சுருக்கம் வேறு கதை. இறக்கை முறுக்கப்பட்டிருக்கிறது, தகடு தன்னால் தாங்க முடியாத சுமையைத் தாங்கியிருக்கிறது என்று பொருள். அதுவும் உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் தென்பட்டால், பேரத்தை அங்கேயே முறித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். எங்கள் இறக்கையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. முனைப்பக்கம் ரிப்களுக்கு இடைப்பட்ட இரண்டு அறைகளில் சாய்வுச் சுருக்கம் இருந்தது.

பிறகு நூல். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மைத் தண்டான ஸ்பாரின் ரிவெட் வரிசையை ஒட்டி, கொத்தனார் பிடிப்பதுபோல் நூலை இழுத்துக் கட்டி, மேலும் கீழும் பார்த்தோம். ஸ்பார் வளையவில்லை. மட்டப்பலகையை ஒவ்வொரு ரிப்பின் மேலும் வைத்துக் கோணம் எடுத்து, வலது இறக்கையின் கோணத்தோடு ஒப்பிட்டோம். முனையில் சிறிய வித்தியாசம் தெரிந்தது. உடலோடு சேரும் போல்ட் துளைகளுக்கு, போல்ட் அளவுக்கே லேத்தில் ஓர் ஊசி கடைந்து செருகிப் பார்த்தோம். துளை நீள்வட்டமாகியிருந்தால் ஊசி ஒரு பக்கம் ஆடும். ஆடவில்லை. என் மைத்துனர் முதன்முறையாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அடுத்து ரிவெட்டுகள். ஒவ்வொன்றாக, விரல் நகத்தால். தளர்ந்த ரிவெட் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: தகடும் ரிவெட்டும் உரசி வரும் அலுமினியத் தூள் கறுத்து, காற்று ஓடும் திசையில் ஒரு புகைக்கோடுபோல் தலைக்குப் பின்னால் படிந்திருக்கும். விமானத்தைக் கழுவிப் பளபளவென்று விற்பனைக்கு நிறுத்துபவர்கள் அந்தக் கோட்டையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். ஆகவே, முடிந்தால் கழுவாத விமானத்தைப் பாருங்கள்.

மூன்றாமவரைக் கண்டுபிடித்தது அந்தப் பெரியவர்தான், ஒரு ரூபாய் நாணயத்தால். இறக்கையின் நடுப்பகுதியில், மேல்தகட்டில், பெயின்ட் மிக அழகாக இருந்த இடம் அது. நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். சுற்றிலும் டங் டங் என்று கேட்டது, அங்கே மட்டும் பொத் பொத் என்றது. டிங்கரிங் பட்டறைகளில் காருக்குப் பூசும் பட்டி! பழைய கார் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பட்டியைக் கண்டுபிடிப்பார்களே, அந்த வித்தை அலுமினியத்தில் எடுபடாது. காது ஒன்றுதான் வழி. பெயின்ட்டைச் சுரண்டினால், கீழே கைப்பிடி அளவுக்குப் பட்டி, அதன் கீழே ஒரு கிழிசல், கிழிசலின் மேல் ஒட்டுத்தகடு. ஒட்டுத்தகட்டைப் பிடித்திருந்தவை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டுகள். தண்டு முறிந்து விழுந்து, நடுவில் வெறும் ஓட்டையோடு நின்றன. கிட்டோடு வரும் ஏவெக்ஸ் வகை ரிவெட்டில் முறிந்த தண்டின் தலை உள்ளேயே தங்கி ரிவெட்டுக்குப் பலம் தரும். கடை ரிவெட்டில் அந்தப் பிடிப்பு கிடையாது. அதைவிட மோசம், சில ரிவெட்டுகள் ஒட்டுத்தகட்டின் விளிம்புக்கு மிக அருகில். ரிவெட்டின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளித் துளை இருக்க வேண்டும்; 1/8 அங்குல ரிவெட் என்றால் கால் அங்குலம். இல்லையென்றால் விளிம்பு கிழியும். இது எந்த ஷீட் மெட்டல்காரனுக்கும் தெரிந்த பால பாடம். ஆக மூன்றாமவர் ஷீட் மெட்டல்காரரும் அல்ல. பூசி மெழுகுவதில் மட்டும் கெட்டிக்காரர். அவருக்குப் பூஜ்ஜியம்.

இந்த வேலைக்காக வாங்கிய பொருள்களில் உடனே பரிந்துரைக்கக்கூடியது, கைபேசியில் செருகிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா. பாம்புபோல் வளையும் ஒயர், நுனியில் விளக்கு, விலை ஆயிரத்து ஐந்நூறுக்குள். இறக்கை முனையின் மூடியைக் கழற்றி, ரிப்களில் எடை குறைக்க வெட்டியிருக்கும் வட்டத் துளைகள் வழியாக உள்ளே அனுப்பினால், எதையும் பிரிக்காமலேயே பெரும்பாலானதைப் பார்த்துவிடலாம். குறை இரண்டு: படம் தெளிவாகத் தெரிவது குறிப்பிட்ட தூரத்தில் மட்டும்தான், வெள்ளை வெளிச்சம் பளபளக்கும் அலுமினியத்தில் பட்டுக் கண்ணைக் கூசும். நுனியில் மெல்லிய பட்டர் பேப்பர் ஒட்டினோம், சரியாகிவிட்டது. உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டால்: ஒரு குளவிக்கூடு, எலி இழுத்துப்போட்ட பஞ்சு, முன்பு யாரோ துளையிட்டபோது உள்ளே விழுந்த எஃகுத் தண்டுகள். எலிச் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். ஈரத்தில் அலுமினியத்தோடு ஒட்டிக்கிடக்கும் எஃகும் அரிக்கும். குளவிக்கூட்டால் வரும் கெடுதல் மண் எடை மட்டும்தான். ஆனால் அதே குளவி வேக அளவிக்குக் காற்று போகும் குழாயில் கூடு கட்டினால் விமானிக்கு வேகம் தெரியாது, அதையும் பார்த்துவிடுங்கள்.

கட்டியவர் உள்ளே பென்சிலால் கோடு போட்டிருந்தார். மரவேலைக்காரராக இருந்திருக்க வேண்டும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் கோட்டின் வழியே அரிப்பு ஓடும். எங்கள் பையன்களிடம் இருந்த பழக்கம் இதைவிட ஆபத்தானது: ஸ்கிரைபரால் கீறிக் குறிப்பது. ஜி.ஐ. தகட்டில் அதனால் ஒன்றும் ஆகாது. 0.4 மில்லிமீட்டர் அலுமினியத்தில், அதிர்ந்துகொண்டே இருக்கும் இறக்கையில், அந்தக் கீறலிலிருந்துதான் விரிசல் பிறக்கும். வேலை முடியும் வரை எல்லோருடைய ஸ்கிரைபரையும் வாங்கி என் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்தேன். மார்க்கர் பேனா மட்டும்.

இனி அடிபட்ட முனை. விற்றவர் சொன்னபடி பார்த்தால் ஸ்லாட்டில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஸ்லாட் காற்றில் மிதப்பதில்லை. அதைத் தாங்கும் பிடிகள், இறக்கையின் முன்விளிம்பை மூடும் மூக்குத் தகட்டைத் தாண்டி உள்ளே போய், அங்கே இருக்கும் மூக்கு ரிப்களைப் பிடிக்கின்றன; மூக்கு ரிப்கள் ஸ்பாரைப் பிடிக்கின்றன. ஸ்லாட்டில் விழுந்த அடி பிடி வழியாக ரிப்புக்கும், ரிப் வழியாக ஸ்பாரின் தட்டைப் பகுதிக்கும் போயாக வேண்டும். அடி போன வழியிலேயே நாமும் போக வேண்டும். போனால், ஸ்லாட்டில் ஒரு சாண் பள்ளம்; மூக்கு ரிப்கள் இரண்டு நசுங்கல்; அவற்றில் ஒன்றின் மடிப்பு விளிம்பில் முடி கனத்தில் விரிசல்; ஸ்பாரில் அந்த ரிப் சேரும் இடத்தில் ரிவெட் துளைகள் இரண்டு இழுபட்டு நீண்டிருந்தன. ஸ்பாரில் அதற்கு மேல் சேதம் இல்லை. பின்பக்க ரிப் ஒன்றின் மடிப்பிலும் ஒரு சிறு விரிசல் இருந்தது. அது அடியால் வந்தது அல்ல. கட்டியவர் கூர்மையாக மடித்துவிட்டார். டி6 பதத்தில் இருக்கும் தகட்டை வளைவு விட்டு மடிக்காவிட்டால் மூலையில் விரியும்.

இங்கேதான் 701-ஐ மெச்ச வேண்டும். ரிவெட்டைத் துளையிட்டு எடுத்தால் மூக்குத் தகடு முழுசாகக் கழன்று வந்துவிடுகிறது. ஒட்டோ பிசினோ கிடையாது, உள்ளே கையே போகாத மூலையும் கிடையாது. ஃபைபர் இறக்கையாக இருந்தால் உள்ளே பிளவுண்ட அடுக்கைத் தேட நான் திண்டாடியிருப்பேன். முதலில் ரிவெட்டின் நடுத்தண்டை மெல்லிய பஞ்ச் உளியால் தட்டி இறக்கிவிட்டு, பிறகு தலையை மட்டும் துளையிட வேண்டும். தண்டோடு துளையிட்டால் பிட் வழுக்கி ஓரமாகப் போய்த் துளையைக் கெடுக்கும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண் பிட், 5/32-க்கு 20-ஆம் எண். எண் வரிசை பிட் கேட்டால் இங்கே கடைக்காரர்கள் விழிக்கிறார்கள். 3.3 மற்றும் 4.1 மில்லிமீட்டர் பிட் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். கெட்டுப்போன 1/8 துளையை 5/32-ஆகப் பெரிதாக்கிக் காப்பாற்றலாம், விளிம்பு தூரம் மிச்சமிருந்தால். ஸ்பாரில் இழுபட்ட துளைகளை அப்படித்தான், தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வந்த பிறகு, காப்பாற்றினோம்.

தகட்டைக் கழற்றிய பிறகு அந்த இறக்கையை இரண்டு விரலால் முறுக்கலாம். மூக்குத் தகடும் ஸ்பாரும் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாக நின்றால்தான் முறுக்கைத் தாங்கும் வலு வரும். பெட்டி திறந்தவுடன் வலு போய்விடுகிறது. அந்த நிலையில் இறக்கை கோணலாகக் கிடக்கும்போது புதுத் தகட்டை வைத்து ரிவெட் அடித்தால், அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பறக்கும்போது விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். காற்றுக் குழாய் வேலைக்கென்று எங்களிடம் இருந்த நீளமான மட்ட மேசை இதற்குக் கைகொடுத்தது. இறக்கையை மரக்கட்டைகளில் அசையாமல் ஏற்றி, ஒவ்வொரு ரிப்பிலும் கோணம் வலது இறக்கையோடு ஒத்துவரும் வரை ஆப்பு தட்டினோம். இதற்கு ரிவெட் அடித்ததைவிட அதிக நேரம் பிடித்தது. பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும்தான்.

மூக்கு ரிப்களும் ஸ்லாட்டும் மூக்குத் தகடும் தயாரிப்பாளரிடமிருந்தே வரவழைத்தோம். நானே மரக்கட்டையில் அச்சு செய்து ரிப் அடித்திருக்க முடியும். ஆனால் தகடு? உக்கடத்திலும் தேடினேன், பெரிய வணிகர்களிடமும் கேட்டேன். அலுமினியம் என்றால் பாத்திரப் பதத்தில் மெத்தென்று கிடைக்கிறது, 6061 என்றால் கனமான பலகையாகக் கிடைக்கிறது. 0.4 மில்லிமீட்டரில், டி6 பதத்தில், சான்றிதழோடு கிடைக்கவில்லை. சான்றிதழ் இல்லாத தகட்டை என் ஆலைக் குழாயில் போடுவேன், மைத்துனர் உட்காரும் விமானத்தில் போட மாட்டேன். பின்பக்க ரிப்பின் விரிசலுக்கு மட்டும் அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, மேலே அதே உலோகத்தில் ஓர் ஒட்டு வைத்து ரிவெட் அடித்தோம். நிறுத்தும் துளையைச் சரியாக நுனியில் போட வேண்டும். கண்ணுக்கு முடிவாகத் தெரியும் இடத்தைத் தாண்டி விரிசல் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அமெரிக்க விமானத்துறை 1998-இல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற கையேட்டில் இந்த வேலைகளெல்லாம் படத்தோடு இருக்கின்றன. இணையத்தில் இலவசம். தயாரிப்பாளரின் வரைபடம் முதலில், அதில் இல்லாததற்கு இந்தக் கையேடு.

பட்டி பூசிய தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த அறைக்கு முழுத் தகடே மாற்றினோம். அதன் கீழே இருந்த ரிப் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாமவர் இருபது ரிவெட்டுக்குச் சோம்பல்பட்டதால் எங்களுக்கு வந்த வேலை இது.

கருவிகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று கிளீகோ. ரிவெட் அடிப்பதற்கு முன் துளைக்குத் துளை செருகித் தகட்டைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் ஊசி. ஆலை வேலையில் நாங்கள் இதைக் கண்டதில்லை, சி-கிளாம்ப்பிலேயே காலம் ஓட்டினோம். வாங்கிய பிறகு பையன்கள் குழாய் வேலைக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். இரண்டாவது, காற்றில் இயங்கும் ரிவெட் கன். உள்ளூரில் வாங்கியதே போதுமானதாக இருந்தது. ஆனால் கிட் ரிவெட்டின் தலை தட்டையாக வரும்; கன்னின் மூக்கில் குழிவாகக் கடைந்தால்தான் அடிக்கும்போது தலை உருண்டு, தகட்டில் நன்றாக அமரும். கோவையில் லேத்துக்கா பஞ்சம்? பக்கத்துப் பட்டறையில் ஒரு தேநீர் நேரத்தில் கடைந்து கொடுத்துவிட்டார்கள். புதுத் தகட்டில் துளைகளைக் குறிக்க ஒரு சிறு உபாயம்: இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகளை ஒரு முனையில் சேர்த்து, கீழ்ப்பட்டையில் ஒரு குமிழ், அதற்கு நேர் மேலே மேல்பட்டையில் ஒரு துளை. குமிழ் ரிப்பின் பழைய துளையில் விழும். மேல்பட்டையின் துளை வழியாகப் புதுத் தகட்டில் பிட்டை இறக்கலாம். சேரும் பரப்புகளுக்கு ஜிங்க் குரோமேட் பிரைமர் அடித்தோம். அதன் தூளும் புகையும் புற்றுநோய் தரக்கூடியவை. முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

திறந்த கையோடு இறக்கைக்குள் இருந்த பெட்ரோல் தொட்டியையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். கசிவு இல்லை. ஆனால் எரிபொருள் விஷயத்தில் ஒன்று: இந்த விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 912. அதற்கு 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதிக்கிறார். நம் பங்க்குகளில் இப்போது 20 சதவீதக் கலப்பு. முன்பு இருந்தவர் எதை ஊற்றினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் குழாய்களைக் கேட்காமலேயே மாற்றிவிடுங்கள்.

ஜெனித் பெயரைச் சொன்னாலே சிலர் இறக்கை முறிந்த கதையை எடுப்பார்கள். அது 601 எக்ஸ்.எல். என்ற வேறு விமானம், இறக்கை உடலுக்குக் கீழே இருக்கும் வகை. பறக்கும்போதே உடைந்த விபத்துகளைத் தொடர்ந்து, 2009-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைத் தரையில் நிறுத்தச் சொன்னது. பிறகு இறக்கையை வலுப்படுத்தும் மாற்றத் தொகுப்பு வந்தது. பழைய 601 யாராவது விலை பேசினால் முதல் கேள்வி அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்பதே. 701-இன் இறக்கை மேலே இருக்கிறது, கீழிருந்து தாங்குகம்பி பிடிக்கிறது, அமைப்பே வேறு.

இந்த இறக்கை எப்படி அடிபட்டது என்று விற்றவரைக் கேட்டபோது, காற்றில் கயிறு அறுந்து கம்பத்தில் மோதியது என்றார். அதை மட்டும் நான் நம்புகிறேன். மணிக்கு 48 கிலோமீட்டரில் பறக்கும் இறக்கைக்குக் காற்று எதிரே வருகிறதா, தான் காற்றை நோக்கி ஓடுகிறதா என்ற வேறுபாடு தெரியாது. நிற்கும் விமானத்தின் மூக்குக்கு நேரே அந்த வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் அது எழும்பத்தான் பார்க்கும். மைத்துனர் தன் தோப்புக்குப் பக்கத்துக் களத்தில் தார்ப்பாய் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொன்ன ஊரில், பறப்பதற்கென்றே செய்த பொருளைக் கயிற்றில் கட்டிவைக்கச் சொல்கிறார்! மூடிய கொட்டகை இல்லாமல் இதை நம் பக்கம் கொண்டுவரவே கூடாது. இறக்கையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்க முடிவது 701-இல் உள்ள பெரிய வசதி.

யாருக்கு இது ஏற்றது? கையில் கருவி பிடிக்கத் தெரிந்தவருக்கு, அல்லது அப்படி ஒரு சொந்தக்காரர் இருப்பவருக்கு. வேகமாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்பவருக்கு அல்ல; அந்த ஸ்லாட்டும் தடித்த இறக்கையும் வேகத்தைத் தின்றுவிடும். விலை இறங்கியதில் மைத்துனர் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் பெரும்பகுதி உதிரிபாகத்துக்கும் கப்பல் கூலிக்கும் போனது. என் கூலியைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அக்காவிடம் சொல்லியிருப்பார்.

தகடு வேலையை யார் செய்தாலும், பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். மூக்குத் தகட்டை மூடுவதற்கு முன்பே அவரை அழைத்து உள்ளே காட்டிவிட்டோம். மூடிய பிறகு அழைத்திருந்தால் மறுபடி திறக்கச் சொல்லியிருப்பார், அதில் நியாயமும் இருக்கும். பழைய தகடு, நசுங்கிய ரிப், பட்டித் துண்டு எல்லாவற்றுக்கும் படம் எடுத்து விமானத்தின் பதிவேட்டோடு சேர்த்திருக்கிறோம். முதல் 10 மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு புது ரிவெட் வரிசைகளையும் ஸ்லாட் பிடிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை மைத்துனர் இறக்கையைக் கழுவக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன்.